செல்லக்கண்ணுவின் இடது கால்

மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒருத்தருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் டாக்டரிடம் போவார், இல்லையென்றால் தைலம் தேய்ப்பார். விவரம் தெரிந்தவராக இருந்தால் எங்கள் சந்துக்கு வருவார். வந்து முதலில் தட்டுவது என் வீட்டுக் கதவைத்தான். "ஏனுங்க, மிதிக்கற அம்மா வீடு இதுங்களா?" இருபது வருஷத்துக்கு மேலாக நான் கையை நீட்டிப் பக்கத்து வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தராவது எனக்கு நன்றி சொன்னது கிடையாது. போகும்போது நிமிர்ந்து நடக்கிற மிதப்பில் என் கதவு கண்ணில் படுவதே இல்லை.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி செல்லக்கண்ணு. நான் செல்லக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அந்த உறவு போதும். என் பேர் தேவம்மா. அடுத்த வீட்டு விஷயத்தில் காது வைக்கிறவள் என்று சந்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நானா வைக்கிறேன்? ஒற்றைச் செங்கல் சுவர். காது பாட்டுக்குக் காது அதன் வேலையைச் செய்கிறது.

செல்லக்காவுக்கு ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். பத்தொன்பது வயதில் அய்யாவு என்கிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரே பிரசவத்தில் அவளுக்கு மதனும் தாரணியும் பிறந்தார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் இடது காலால் மூன்று தடவை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அது தனக்கும் சேர்த்துத்தான் என்று செல்லக்காவுக்கு அதுவரை தோன்றவில்லை. பிரசவமான பதினெட்டாம் நாள், மடியில் ஒன்று தோளில் ஒன்று என்று தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தவள் எதிரில், யாரோ ஒரு பெரிய மனுஷர் டெம்போவில் வந்து இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டாராம்.

"ரெண்டையும் பெத்த அசதி தீரல, இந்தாளு முதுகக் காட்டிப் படுத்துக்கிட்டாரு. வந்த ஆத்தரத்துல மிதிச்சேன் தேவம்மா. எந்திரிச்சு நடந்தே போயிட்டாரு. டெம்போ சும்மா போச்சு."

அப்படி ஆரம்பித்தது. அய்யாவுக்கு ஹெப்பாள் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மைசூர் வந்தபோது, பாத்திர பண்டத்தோடு அந்தக் காலின் பெருமையும் கூடவே வந்துவிட்டது. கம்பெனி பஸ் டிரைவர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் கழுத்தில் அட்டையோடு வந்தார்கள். மேல்கோட்டையிலிருந்து ஒரு சமஸ்கிருத பண்டிதர் பஸ் ஏறி, வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அடுத்த வாரம் ஒரு பெரிய டப்பா புளியோதரை அனுப்பினார். அதில் பாதி எனக்கு வந்தது. வழி காட்டியதற்கு இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

செல்லக்காவுக்கு இரண்டு சட்டம் உண்டு. கால் மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் தொடவே மாட்டாள், பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவாள். இன்னொன்று, முதுகுக்குச் சொந்தக்காரர் தன் வாயால் கேட்க வேண்டும். பெண்டாட்டி புருஷனை இழுத்து வந்து, "இவருக்கு மிதிங்கக்கா" என்றால் நடக்காது. "அவருக்கு வாயில்லியா?" என்பாள். மிதிக்கிற முறையும் தனி. குப்புறப் படுத்தவர் இடுப்பில் பாதத்தை வைப்பாள், மிதிக்க மாட்டாள். "என்னத்த முழுங்கிக்கிட்டு இருக்கற?" என்று கேட்பாள்.

எனக்கு ஒரு தடவை தண்ணீர் டிரம்மைத் தூக்கிப் பிடித்துக்கொண்டபோது என்னிடமும் கேட்டாள். ஒண்ணுமில்லக்கா என்றேன். "ஒண்ணுமில்லாதவ முதுகு இப்பிடிக் கல்லாட்டம் இருக்குமா?" என்று காலை எடுக்காமலே நின்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. என் பையனைத் தொட்டிலில் போட்ட அன்று என் மாமியார் மல்லம்மா பந்தி நடுவில் நின்று, "இது பாயசமா, சட்டைக்குப் போடற கஞ்சியா?" என்று கேட்டதைச் சொல்லி ஓவென்று அழுதேன். ஏழு வருஷத்துப் பாயசம். அழுகை உச்சத்தில் இருக்கும்போது, தொப்பென்று விழுந்தது மிதி. எழுந்தேன். வலி இல்லை. மாமியாரை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் யாரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் அய்யாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் நல்ல மனுஷர், கொஞ்சம் வீறாப்பு. யார் வந்தாலும் பாயைக் கிழக்கு மேற்காக விரித்து, தலைமாட்டில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். உள்ளே சொல்கிறது எதையும் கேட்க மாட்டார். நானாக இருந்தால் ஜன்னலோடு ஒட்டியிருப்பேன். அவருக்கே ஒன்றிரண்டு தடவை பிடித்ததுண்டு. அப்போதெல்லாம் டாக்டரிடம்தான் போவார். கட்டின புருஷன் மேல் பெண்டாட்டி கால் படலாமா, பாவம் இல்லையா? ஊர் முதுகையெல்லாம் நிமிர்த்திய கால் அவர் ஒருத்தர் முதுகில் மட்டும் பட்டதில்லை.

பதினாலு மாதத்துக்கு முன்னால், கொள்ளேகால் சத்திரத்தில் தாரணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "உங்க ஊட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாலு பேர் சுற்றி இருந்தால் அய்யாவுக்கு வாய் நீளும்.

"மிதிக்கறதுதானுங்க வேல. மைசூர்ல இருக்கற ஆம்பளைங்க முதுகெல்லாம் அவ காலுக்கடியிலதான். நா ஒருத்தன்தான் பாக்கி!"

பந்தியே சிரித்தது. பின்னால் சாம்பார் வாளியோடு செல்லக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டு இலையை மூடிவிட்டேன். யாரிடமும் காசு வாங்காமல், முகம் சுளிக்காமல், வந்தவர்கள் அழுகையையெல்லாம் வாங்கிக்கொண்ட பெண்ணை, சம்பந்தி வீட்டார் முன்னால் கட்டினவனே கேலிப்பொருளாக்கினால் எப்படி இருக்கும்? எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அய்யாவை நானே மிதித்திருப்பேன். எனக்கு ஒரே ஒரு பிள்ளைதான், பலிக்காது.

அவள் மூன்று நாள் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாளிலிருந்து செல்லக்கா குக்கரிடம் பேச ஆரம்பித்தாள்.

"குக்கரு, மூணு விசில் ஆச்சு. திங்கறவங்க வந்து திங்கலாம்."

அய்யாவு சளைக்கவில்லை, டி.வி.யைப் பிடித்துக்கொண்டார். "டி.வி., இன்னிக்கி ரசத்துல உப்பு பத்தல."

"உப்பு ஜாடி கைக்கெட்டற தூரத்துலதான் இருக்குது குக்கரு. எந்திரிச்சு எடுத்தா கை தேஞ்சிறாது."

இப்படியே பதினாலு மாதம். இடையில் தாரணி கல்யாணம் நடந்தது, தாலி கட்டும் நேரத்தில்கூட ஆளுக்கொரு தூணிடம் பேசினார்கள். யார் வந்தாலும் அய்யாவு பாய் விரிப்பதும் நின்றுபோனது. அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கேட்க வேண்டும் என்று சத்தமாகப் பேசியதால், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு வார்த்தை தப்பாது. அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் மாதப்பன், "நம்மூட்டு டி.வி.ய வித்துறலாம் போல இருக்குதே" என்பார். நானும் சிரித்தேன். ஆனால் குக்கரிடம் பேசி முடித்த பிறகு செல்லக்கா மூக்கைச் சிந்துகிற சத்தமும் அதே சுவர் வழியாகத்தான் வரும். அது கேட்கிற நாட்களில் எனக்கு வேலை ஓடாது.

போன மாதம் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மதன், "அம்மா, நீ இங்க வந்து எங்கூட இரு" என்றான். செல்லக்கா சரி என்றுவிட்டாள். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குச் சீட்டும் போட்டாயிற்று. பெட்டி கட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். நாலு சேலை வைத்தாள், சரி. மாத்திரை வைத்தாள், சரி. அப்புறம் எழுந்து போய் இட்லித் தட்டை எடுத்து வந்து, பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மகனைப் பார்த்துவிட்டு வருகிறவள் சேலை எடுத்துப்போவாள். இட்லித் தட்டை எடுத்துப்போகிறவள் திரும்பி வர மாட்டாள்.

"அக்கா, நெசமாலுமே போறியா?"

"ஒரு வார்த்த தேவம்மா. போகாதன்னு ஒரே ஒரு வார்த்த என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னா பெட்டியப் பிரிச்சுருவேன். சொல்ல மாட்டாரு."

அன்று சாயங்காலம் அய்யாவு டி.வி.யிடம், "இட்லித் தட்டக் காணோம்" என்றார். குக்கர் பக்கமிருந்து பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் டி.வி. சத்தமும் நின்றது. அந்த மனுஷர் ஓடாத டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் தொழிற்சாலையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் மாடியில் தம்பதிகளுக்கு ஒரு பயிற்சி, உடம்பு வழியாக மனசை ஆற்றுகிற சிகிச்சை என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கடைசியில் சின்ன எழுத்தில் மதியம் ஹோளிகே, அதாவது போளியோடு சாப்பாடு என்று இருந்தது. எல்லாரும் படித்தது அந்த வரியைத்தான். பேர் கொடுத்தவர்களில் அய்யாவும் இருந்தார் என்று மாதப்பன் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு சுவரில் கேட்டது. "டி.வி., ஞாயித்துக்கெழம கேன்டீன்ல விசேசம். சம்சாரத்தோட வரச் சொல்லியிருக்கறாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "குக்கரு, ஞாயித்துக்கெழம உனக்கு லீவு."

பதினோரு ஜோடி போயிருந்தோம். சொல்லிக்கொடுக்க வந்த பெண் மனிஷா. முப்பது வயசு இருக்கும், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் கொஞ்சம் கல்லில் தடுக்கும். "என் தமிழ்ல தப்பு இருந்தா பய்யபேடிங்க" என்றாள். திட்டாதீர்கள் என்கிறாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"துக்கம், கோபம் எல்லாம் மனசுல மட்டும் இருக்கறதில்ல. உடம்புலயும் போய் உக்காந்துக்கும். பேசித் தீராதது சில சமயம் உடம்பு வழியா எளகும்" என்று மனிஷா சொன்னதும் நான் செல்லக்காவின் விலாவில் இடித்தேன். "உன்ற வித்தையத்தான் இந்தப் புள்ள காலேஜ்ல படிச்சுட்டு வந்திருக்குது."

முதல் பயிற்சி, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து நாலு நிமிஷம் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் கண்ணில் தூசி விழுந்தால் ஒழிய யார் யார் கண்ணைப் பார்க்கிறார்கள்? மாதப்பன் பத்தாவது நொடியில் சிரிக்க ஆரம்பித்து, இருபதாவது நொடியில் இருமி, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பக்கத்தில், எங்களோடு வந்த ஜடையனை அவர் பெண்டாட்டி லிங்கம்மா ஒரு நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் சும்மாதான் பார்த்தாள். அவர் வேர்த்து விறுவிறுத்து, "சரி, மிக்சி ஜாடிய ஒடச்சது நாந்தான்" என்று ஒப்புக்கொண்டார். அதுவரை பழி பூனை மேல் இருந்தது. செல்லக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அய்யாவு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிஷா கெட்டிக்காரி. கோபித்துக்கொள்ளவில்லை, அவளே சிரித்துவிட்டாள். "ஆய்த்து, போதும். இது நமக்கு ஆகாது, விட்டுடலாம். புஸ்தகத்துல இருக்கறத அப்படியே கொண்டுவந்தது என் தப்பு. நீங்க சொல்லுங்க. உங்க வீட்ல ஒருத்தர ஒருத்தர் எப்பத் தொடுவீங்க?"

ஆண்கள் சட்டைப் பொத்தானைத் திருகினார்கள். கடைசியில் லிங்கம்மாதான் தலையைக் குனிந்தபடி, "காச்சல் வந்தா" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உண்மைதானே என்று எல்லாரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டோம்.

மனிஷா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, "சரி, மூஞ்சியப் பாக்க வேண்டாம். முதுகோட முதுகு சாஞ்சு உக்காருங்க. அவங்க மூச்சு உங்க முதுகுல தெரியுதான்னு மட்டும் கவனிங்க, போதும்" என்றாள். இது எங்களுக்கு ஒத்துவந்தது. பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், ஆண்கள் பாய் விரிக்கக் குனிந்தார்கள். அய்யாவு பாயைக் கிழக்கு மேற்காக விரித்தார், பழைய பழக்கம். விரித்துவிட்டு நிமிர்ந்தார். பாதிதான் நிமிர்ந்தார்.

"அய்யோ, புடிச்சுக்கிச்சே!"

ஒரு கை இடுப்பில், ஒரு கை காற்றில், அப்படியே நின்றுவிட்டார். மனிஷா ஓடிவந்து கால் மரத்துப்போகிறதா, முன்னால் எங்காவது விழுந்தாரா என்று வரிசையாகக் கேட்டாள். இல்லை இல்லை என்றார். அவள் டாக்டருக்குப் போன் எடுத்தாள். ஜடையன் தடுத்தார். "டாக்டரு எதுக்கும்மா? மருந்து இங்கியே நிக்குது."

எல்லார் கண்ணும் செல்லக்காவின் காலுக்குப் போனது. அந்தக் கூட்டத்தில் அவள் மிதிக்காத முதுகு மூன்றோ நாலோதான் இருக்கும். உடனே பஞ்சாயத்து ஆரம்பித்தது. புருஷன் மேல் கால் வைத்தால் பாவம் என்று ஒரு கட்சி. நடுவில் துண்டைப் போட்டு மிதித்தால் பாவம் துண்டோடு போய்விடும் என்றாள் லிங்கம்மா. மிதித்து முடித்துக் காலில் விழுந்து கும்பிட்டால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொடுத்தார் மாதப்பன். அவரை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மனிஷா. "எல்லாரும் பாவ புண்ணியம் பேசறீங்க. அந்தம்மாவுக்கு இஷ்டமான்னு யாரும் கேக்கலயே?"

அட, ஆமாம். இத்தனை வருஷத்தில் நான்கூடக் கேட்டதில்லை. வருகிறவர்களுக்குக் கதவைக் காட்டியதோடு சரி.

செல்லக்கா மனிஷாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "துண்டும் வேண்டாம், கும்புடும் வேண்டாம் கண்ணு. எல்லாத்துக்கும் இருக்கற சட்டந்தான். முதுகு ஆருதோ அவங்க வாயத் தொறந்து எங்கிட்டக் கேக்கோணும்."

வளைந்து நின்றபடியே அய்யாவு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கண்ணை ஓட்டினார். அந்த மாடியில் டி.வி. இல்லை. நானும் பார்த்துவிட்டேன்.

"ஏ புள்ள" என்றார்.

பதினாலு மாதம் கழித்து அவளை அவர் கூப்பிட்ட முதல் வார்த்தை அது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

"மிதி புள்ள. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

படுத்தார். சூப்பர்வைசர், கம்பெனி பஸ் டிரைவர், தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, வீறாப்புக்காரர் அய்யாவு குப்புறப் படுத்தார். செல்லக்கா செருப்பைக் கழற்றினாள். மாதேஸ்வரா என்று தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடது பாதத்தை அவர் இடுப்பில் வைத்தாள். வைத்தவள் முகம் ஒரு மாதிரி மாறியது. என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை.

"என்னத்த முழுங்கிக்கிட்டு இருக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவங்களுக்குப் புடிக்காதுங்க."

செல்லக்கா பாதத்தை அழுத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நிச்சயத்தன்னிக்கி உன்ற கால வெச்சு நாலு பேத்தச் சிரிக்க வெச்சேன். ஊட்டுக்கு வந்து படுத்தப்பறந்தான், நீ சாம்பார் வாளியோட நின்னது ஞாபகம் வந்துச்சு. தூக்கம் வரல."

மெதுவாக முதல் மிதி விழுந்தது.

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல புள்ள. ஒரு நாளு போச்சு, ரெண்டு நாளு போச்சு. நாலாம் நாளு நீ குக்கர்கிட்டப் பேச ஆரம்பிச்சுட்ட."

எல்லாரும் சிரித்தார்கள், படுத்திருந்தவர் தோளும் குலுங்கியது. இரண்டாவது மிதி. ஆனால் செல்லக்கா சிரிக்கவில்லை. காலை எடுக்கவும் இல்லை. "இன்னும் உள்ளதான் இருக்குது. வெளிய வரல" என்றாள்.

பெட்டியில் இட்லித் தட்டு இருப்பது அந்த மாடியில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். சொல்லித் தொலையுமய்யா என்று கத்தியிருப்பேன், மாதப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சல் இல்லாமலே பிடித்துக்கொண்டார்.

அய்யாவு பாயிலிருந்து முகத்தைத் திருப்பி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கோயமுத்தூர் போகாத புள்ள. அந்த இட்லித் தட்ட வெளிய எடுத்து வெய்யி."

தொப். மூன்றாவது மிதி விழுந்த சத்தம் கீழே கேன்டீன் வரைக்கும் கேட்டிருக்கும்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மனிஷா செல்லக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். "எங்கயும் இல்ல கண்ணு. கால வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்கோணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, தன் இலையிலிருந்த ஹோளிகேயை எடுத்து அந்தப் பெண்ணின் இலையில் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் நானும் செல்லக்காவும் ஒரே சீட். முன்னால் அய்யாவு மாதப்பனோடு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கடுமையான புடிப்பு போல?" என்றேன்.

"புடிப்பா?" செல்லக்கா என் காதருகில் குனிந்தாள். "கால வெச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. அந்த முதுகுல ஒண்ணுமே இல்ல. இலவம்பஞ்சாட்டம் இருந்துச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டீஸைப் பார்த்துப் பேர் கொடுத்தது அவர்தான். பாய் விரிக்கிற சாக்கில் குனிந்ததும் அவர்தான். தன் வாயால் கேட்டால்தான் செல்லக்கா மிதிப்பாள் என்பது இருபது வருஷமாகப் பாய் விரித்த மனுஷருக்குத் தெரியாதா? வீட்டில் யாரும் பார்க்காமல் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் பந்தியில் நாலு பேர் முன்னால் செய்த தப்புக்கு நாலு பேர் முன்னால்தான் படுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அந்த மனுஷர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

"தெரிஞ்சுமா மிதிச்ச?"

"கேட்டாரே. சட்டம்னா சட்டந்தான்." இடது பாதத்தைத் தடவிக்கொண்டே, "மூணாவது மட்டும் கொஞ்சம் பலமாவே உட்டுட்டேன் தேவம்மா. பதினாலு மாசமில்ல?" என்றாள்.

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. முன் சீட்டில் அய்யாவு, "அம்மா!" என்றார். இந்தத் தடவை நிஜமாகவே பிடித்திருந்தது.

திங்கட்கிழமை கோயமுத்தூர் பஸ் செல்லக்கா இல்லாமல் போனது. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இட்லித் தட்டு கணகணவென்று சத்தம் போட்டது. அவள் மிதித்த வலிக்கு அவளே மூன்று நாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். இப்போது யாராவது வளைந்து வந்தால் அய்யாவு ஓடிப்போய் கிழக்கு மேற்காகப் பாய் விரிக்கிறார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, எனக்குத்தான் ஒரு குறை. ஒருத்தருக்கொருத்தர் கேட்க வேண்டும் என்று குக்கரிடமும் டி.வி.யிடமும் கத்திக்கொண்டிருந்தவர்கள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. காலையில் "ஏனுங்க" என்று செல்லக்கா கூப்பிடுவது மட்டும் விழுகிறது. அதற்கப்புறம் என்ன பேசுகிறார்கள் என்று நேற்று எவர்சில்வர் டம்ளரைக்கூடச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.